காட்டைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், வேடந்தாங்கல் என்று பல வருடங்களாக நண்பர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பள்ளிக் குழுக்களையும் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். கிளம்புவதற்கு முன்தினம் போனில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முதுமலையிலிருந்து வரும், எனக்கு நன்றாகப் பழகிய காடு அது.

முதுமலைக்குப் போனால் புலி பார்க்க முடியுமா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். பார்க்கலாம், பார்க்காமலும் வரலாம். "கட்டாயம் காட்டுகிறேன்" என்று யாராவது காசு வாங்கினால் நம்பாதீர்கள். எத்தனையோ முறை போயிருக்கிறேன், புலியைப் பார்த்தது நான்கு தடவை. அதில் இரண்டு தடவை பார்த்தது வாலும் பின்னங்காலும்தான்.

ஆனால் புலி இருப்பதைத் தெரிந்துகொள்ள அதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மாலை வேளையில் வனத்துறை வேனில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டுநர் திடீரென்று இன்ஜினை நிறுத்தினார். இடதுபக்கம் பத்துப் பதினைந்து புள்ளிமான்கள். ஒன்றுகூட மேயவில்லை. எல்லாத் தலையும் ஒரே புதரைப் பார்த்திருந்தது. முன்னால் நின்ற பெண்மான் முன்னங்காலைத் தூக்கி மெதுவாகத் தரையில் தட்டியது, மறுபடி தட்டியது. மேலே மரக்கிளையில் இருந்த மந்தி ஒன்று இருமுவதுபோலக் குரல் கொடுத்தது. உடனே மான் கீச்சென்று ஒரு குரல். ஓட்டுநர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். வேனில் இருபது பேர் இருந்தும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. மான்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன, மந்தியும் அடங்கியது. "போயிருச்சு" என்றார் ஓட்டுநர். சிறுத்தையோ புலியோ, அவருக்கே தெரியாது. என்னுடன் வந்த ஒன்பது வயதுப் பெண் பிள்ளை அன்று இரவு முழுவதும் மான் காலைத் தட்டியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த நான்கு புலிகளைவிட அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரி, புலி வரவில்லை என்றால் எதைத்தான் பார்ப்பது?

காட்டையே பாருங்கள். முதுமலையில் ஒரு வேடிக்கை உண்டு. தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து வருவதால் கூடலூர் பக்கம் மழை அதிகம். அங்கே உயரமான மரங்களும் மூங்கிலுமாகக் காடு பசுமையாக இருக்கும். கிழக்கே மசினகுடி பக்கம் வரவர மழை குறைந்து, மரங்கள் குட்டையாகி, கடைசியில் வெறும் முட்புதராகிவிடும். அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இந்த மாற்றம் முழுவதும் சன்னலில் ஓடும். தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

இந்தக் காட்டில் 1988-இல் 50 ஹெக்டேர் பரப்பை அளந்து, அதில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். எது வளர்ந்தது, எது தீயில் போனது, எதை யானை முறித்தது என்று மரம் மரமாகக் கணக்கு இருக்கிறது. ஒரு சாதாரண மரத்தைப் பார்த்து இதற்கும் வரலாறு எழுதுகிறார்களே என்று நினைத்தால், பார்வை தானாக மாறும்.

அப்புறம், யானைச் சாணம். முகம் சுளிக்காதீர்கள். மசினகுடியில் ஊரை ஒட்டிய பாதையில் காட்டுநாயக்கர் சமூகத்து வழிகாட்டி ஒருவர் எங்களை ஒரு சாண உருண்டைக்கு முன்னால் உட்கார வைத்தார். குச்சியால் மெல்லப் பிரித்தார். உள்ளே மூங்கில் நார் நாராகவே இருந்தது, புளியங்கொட்டை பளபளவென்று முழுசாக இருந்தது. யானை தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அடியில் சாணி வண்டுகள் உருட்டிக்கொண்டிருந்தன. மேலே இரண்டு பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. நாங்கள் எழுந்து நகர்ந்ததும் ஒரு காட்டுக்கோழி வந்து கிளற ஆரம்பித்தது. ஒரு உருண்டைக்குள் இவ்வளவு குடித்தனம். அங்கே நாங்கள் செலவழித்தது இருபது நிமிடம்.

மரப்பட்டையில் நகக் கீறல், யானை முதுகைத் தேய்த்த மரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே காய்ந்த சேறு, ஓடை மணலில் கால்தடம், இவையெல்லாம் எந்த நாளும் இருக்கும். டிக்கெட்டுக்குக் கிடைக்கும் உறுதியான காட்சி இதுதான்.

சஃபாரிக்கு எப்படிப் பதிவு செய்வது? எங்கள் காரிலேயே போகலாமா?

காட்டுக்குள் உங்கள் காரில் போக முடியாது. ஊட்டி-மைசூர் நெடுஞ்சாலையிலும் மசினகுடி சாலையிலும் போகலாம், இறங்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. உள்ளே போக வனத்துறை வண்டிதான். தெப்பக்காட்டில் வரவேற்பு மையம் இருக்கிறது, காலையும் மாலையும் வண்டிகள் கிளம்பும். புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடும் வறட்சியிலும் தீ அபாயம் இருக்கும் மாதங்களிலும் சஃபாரியை நிறுத்திவைப்பது உண்டு.

காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். குளிரும், தூக்கம் கெடும், ஆனாலும் அதுதான் நல்ல நேரம்.

காட்டின் எல்லா இடத்துக்கும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

விடாததால்தான் நாம் பார்க்க ஏதோ மிச்சம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். அந்த அனுமதி எதற்குத் தரலாம் என்ற பட்டியலில் ஆராய்ச்சி, புகைப்படம் இவற்றோடு சுற்றுலாவும் இருக்கிறது. அதாவது சுற்றுலா நம் உரிமை இல்லை, கேட்டு வாங்கும் சலுகை.

2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தடை நீங்கியது, கூடவே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் வந்தன. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. முதுமலையின் மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர். நாம் சுற்றி வருவது அதில் ஒரு ஓரத்தை மட்டும். மீதியில் புலி குட்டி போடட்டும்.

மசினகுடியில் ஜீப்காரர்கள் "நைட் சஃபாரி" என்று கூப்பிடுகிறார்களே?

போகாதீர்கள். காப்பகத்துக்குள் இரவு சஃபாரி என்று எதுவும் இல்லை. அவர்கள் செய்வது ஊரை ஒட்டிய சாலையில் இங்கும் அங்கும் ஓட்டி, டார்ச் அடித்து மான் கண்ணைக் காட்டுவது. அந்த வெளிச்சத்தில் விலங்கு நிலைகுலைந்து நிற்கும், நமக்கு அது "அருகில் நின்று பார்த்த" அனுபவமாகிவிடுகிறது. ஓட்டுகிற பையன்களுக்கு வேறு வருமானம் இல்லை என்பதும் உண்மைதான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பகலில் ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி அதே காசைக் கொடுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணுமாமே?

ஆமாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கட்டணம் கிடையாது, இணையத்தில் எடுத்துவிடலாம். டி.என். 43 எண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இது தேவையில்லை.

பேருந்தில் போனால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகும் பேருந்துகள் தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன. சன்னலோர இருக்கை, உயரமான பார்வை. நான் பார்த்த செந்நாய்க் கூட்டங்களில் ஒன்றைப் பேருந்திலிருந்துதான் பார்த்தேன்.

இரவில் சாலையை ஏன் மூடுகிறார்கள்? அவசரம் என்றால்?

இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை முதுமலை, பந்திப்பூர் வழியே போக முடியாது. பந்திப்பூரில் இது 2009-லிருந்து நடைமுறை. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு வழி விடுகிறார்கள். சத்தியமங்கலத்தில் பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாகப் போகும் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது.

காரணம் எளிது. இருட்டியதும் சாலை விலங்குகளுக்கும் வழி. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி நடுரோட்டில் உறைந்து நிற்கும் மான் மேல் லாரி ஏறுவது ஒரு நொடி வேலை. பெரிய விலங்கு அடிபட்டால் செய்தியாகும். தவளை, பாம்பு, முயல், கீரி எல்லாம் காலையில் சாலையோடு சாலையாக ஒட்டிக் கிடப்பதை யாரும் எண்ணுவதில்லை. நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்குச் செக்போஸ்ட்டில் நின்று காவலரிடம் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் திறக்கவில்லை, அவருக்கு என் வணக்கம்.

வழியில் யானை நின்றால் என்ன செய்வது?

தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள். அது கடந்து போக நேரம் கொடுங்கள். உங்களை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வரும் வண்டி ஒட்டி நின்றால் பின்னால் எடுக்கவும் வழியில்லாமல் போகும், அதனால் நீங்கள் இன்னொரு வண்டியை ஒட்டி நிற்காதீர்கள்.

காதை விரித்து அசையாமல் உங்களையே பார்த்து நிற்கும் யானை, வாலை விறைப்பாகத் தூக்கிய யானை, குட்டியை நடுவில் வைத்த கூட்டம், இவை "இதற்கு மேல் வராதே" என்று சொல்கின்றன. ஒற்றை ஆண் யானையிடமும் கூடுதல் கவனம் வேண்டும். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்ற யானையைப் பைக்கில் கடந்துவிடலாம் என்று போன ஜெர்மனி நாட்டுப் பயணி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்துபோனார். மற்ற வண்டிகள் காத்து நின்ற இடம் அது. பத்து நிமிடம் காத்திருந்தால் யானை தானாகப் போயிருக்கும்.

குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன தப்பு?

நல்ல மனதோடுதான் கொடுக்கிறீர்கள், தெரியும். எங்கள் வீட்டிலும் பாட்டி சொல்வார், வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பது புண்ணியம் என்று. ஆனால் காட்டுச் சாலையில் அது புண்ணியமாக முடிவதில்லை.

வால்பாறை போகும் வழியில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடுகள் சாலைக்கே வந்து நிற்கும். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, பாறைச் சரிவில் புல் மேய்ந்து வாழ்வது. ஒருமுறை அங்கே ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தது. ஆடு உப்புக்காகப் பாக்கெட்டையே நக்கியது. குழந்தை சிரித்தது, அப்பா படம் எடுத்தார். இரண்டு வளைவு தள்ளி மேலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று அதே கூட்டத்துக்காகப் பிரேக் போட்டுச் சறுக்கி நின்றது. வண்டி என்றால் தீனி என்று பழகிய விலங்கு வண்டிக்குப் பயப்படாது. அதன் முடிவு சக்கரத்துக்கு அடியில்தான்.

குரங்குக்கும் அதேதான். பழகிவிட்டால் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கும். பிறகு "தொல்லைக் குரங்கு" என்று கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் சட்டப்படி குற்றம், தீனி போட்டுப் பிடிபட்டால் அபராதமும் உண்டு. நான் சட்டத்தைச் சொல்லி யாரையும் தடுப்பதில்லை. அந்தப் பேருந்து சறுக்கியதைச் சொல்வேன், நீட்டிய கை தானாக மடங்கிவிடும்.

தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாமா?

வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மது பாட்டிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் குடித்துவிட்டு எறிகிற பாட்டில் உடைந்தால், யானையின் பாதத்தில் அந்தக் கண்ணாடி ஏறும். சீழ் பிடித்து, நடக்க முடியாமல், தண்ணீருக்குப் போக முடியாமல் அது சாகும். இதற்காகத்தான் 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் டாஸ்மாக் கடைகளில் முதலில் நீலகிரியில் வந்தது. பத்து ரூபாய்க்கு மனிதன் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலைத் தந்த செய்தி.

மலையேற்றம் போக ஆசை. யாரிடம் கேட்பது?

வனத்துறையின் அனுமதி இல்லாத எந்தக் குழுவோடும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்திருந்த இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த புல், செங்குத்தான சரிவு. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருந்தால் எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் ஓடை என்று சொல்லியிருப்பார் என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் "டிரெக் தமிழ்நாடு" என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். கட்டணம் அதிகம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். பெரிய குடும்பத்துக்கு அது சுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழிகாட்டியோடு நான்கு மணி நேரம் நடப்பது நான்கு நாள் வகுப்புக்குச் சமம்.

தீ அபாயம் இருக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது "எனக்குத் தெரிந்த வேறு வழி இருக்கு" என்று யாராவது சொன்னால், குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை, கோயிலுக்குப் போகிறோம். எங்களுக்கும் விதியா?

இந்தக் கேள்வியைச் சற்றுத் தயக்கத்தோடுதான் தொடுகிறேன். நானும் போகிறவன்தான். தமிழ்நாட்டில் காட்டுக்குள் மிக அதிகமாகப் போவது சஃபாரிக்காரர்கள் அல்ல, பக்தர்கள். வெள்ளியங்கிரி, சதுரகிரி, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில், எல்லாம் காட்டுக் கோயில்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு பக்கம் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு நகரம்.

அய்யனார் காடு காக்கிற சாமி. அவரைப் பார்க்கப் போய், தாமிரபரணியில் கட்டிய துணியை விட்டுவிட்டு வருவது, பாலிதீன் பையில் படையலைப் போட்டு வைப்பது அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம். பழைய பாட்டிகள் வாழையிலையும் மண்சட்டியும்தான் கொண்டுபோனார்கள். வெள்ளியங்கிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைத் தருகிறார்கள். ஏழு மலை ஏறி இறங்கிய காலோடு பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவரும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதையை விட்டு விலகாமல், பட்டாசும் ஒலிபெருக்கியும் இல்லாமல், கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கிறார்கள். எங்கே போகலாம்?

வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டம், சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மதியம் திரும்பிவிடலாம். ஏரிக்கரையில் சமதளமாக நடக்கலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிரமமில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை வரலாம். மழை பொய்த்தால் பறவையும் குறையும்.

தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் எச்சத்தால் வெள்ளையடித்தது போலிருக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், வாயில் என்ன கொண்டுவருகிறார்கள்? தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் போதும், அரை மணி ஒரு மணியாகும்.

பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. அந்த எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். அதனால் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1790-களின் கடைசியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். வனத்துறையே அப்போது கிடையாது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் இன்றும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பட்டாசு ஆசை இருக்காதா? இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதை விட்டுக்கொடுத்து வளர்கிறார்கள்.

விளக்க மையம், தகவல் பலகை எல்லாம் நேர விரயம்தானே?

சில மையங்கள் அப்படித்தான் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. பாடம் செய்த விலங்கு, மங்கிய படம், "புலியின் எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு" என்று எண்கள். வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம் இதை. நல்ல பலகை என்பது நீங்கள் நிற்கிற இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். "எதிரே மஞ்சள் பூ பூத்திருக்கும் மரத்தைப் பாருங்கள். அழகாக இருக்கிறதா? அதன் கீழே புல் இருக்கிறதா?" இப்படி ஒரு பலகை வைத்தால், முதுமலையில் பரவிவிட்ட அந்நிய மஞ்சள் கொன்றையைப் பற்றி யாரும் மறக்க மாட்டார்கள். அதன் அடியில் புல் வளராது, மானுக்கும் காட்டுமாட்டுக்கும் தீனி போய்விட்டது. இப்போது அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உண்ணிச்செடிக்கும் இதே கதைதான். காடு பச்சையாகத் தெரிந்தாலே நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதை ஒரு மரத்தைக் காட்டியே புரியவைத்துவிடலாம்.

பலகையைவிட ஆள் முக்கியம். வேனில் முன்னால் இருப்பவர், யானை முகாமில் கவளம் உருட்டுபவர், கூட நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர், இவர்களிடம் பேசுங்கள். "அண்ணா, இன்னைக்குக் காலையில என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும். "புலி எங்க இருக்கு?" என்று கேட்டால் கிடைக்காத பதில்கள் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும். என் காட்டறிவில் பாதி இப்படி வந்ததுதான். நாம் காட்டெருமை என்று சொல்வது எருமையே இல்லை, காட்டுமாடு என்று என்னைத் திருத்தியதும் அப்படி ஒரு காவலர்தான்.

பழங்குடி கிராமத்தைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

அது அவர்கள் வீடு. உங்கள் தெருவில் முன்பின் தெரியாத இருபது பேர் இறங்கி அடுப்படியைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கு அவர்களே அழைத்தால் போங்கள். அவர்கள் நடத்தும் கடையில் தேன் வாங்குங்கள், வழிகாட்டியாக வருபவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வயதில் பெரியவர்களை "நீ, வா, போ" என்று பேசுவதைப் பயணிகளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன், காது கூசுகிறது.

படம் எடுக்கலாமா? டிரோன்?

டிரோன் கூடாது. ஃபிளாஷ் கூடாது. போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அது எல்லைச் சண்டை என்று நினைத்துக் கூட்டை விட்டு ஓடிவரும். அரிதான விலங்கின் இடத்தைத் துல்லியமாகப் போட்டுப் பதிவிடாதீர்கள், மறுநாள் அங்கே நாற்பது வண்டி நிற்கும். மற்றபடி தாராளமாக எடுங்கள். முதல் ஐந்து நிமிடம் மட்டும் கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

எந்த ரிசார்ட்டில் தங்குவது?

பெயர் சொல்ல மாட்டேன், கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்களா? இரவில் பாட்டு, தீமூட்டி ஆட்டம் உண்டா? குப்பை எங்கே போகிறது? வேலை செய்பவர்கள் உள்ளூர்க்காரர்களா?

மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி. வலசைப் பாதையில் இருந்த ரிசார்ட்டுகள் தொடர்பான வழக்கில், பாதையைக் காக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் தங்கும் இடம் ஒன்றுக்கு அருகில் வந்த யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை இறந்தது. தலையில் நெருப்போடு அது ஓடும் காணொளியை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அறை பதிவு செய்யும் முன் கேள்வி கேட்கச் சொல்வது இதனால்தான். வனத்துறை விடுதிகளும் இருக்கின்றன. வசதி குறைவு, இரவு அமைதி அதிகம்.

என்ன உடை? அட்டை கடிக்குமா?

மண் நிறம், பச்சை, சாம்பல். சென்ட் வேண்டாம். மழைக்காலத்தில் வால்பாறை, டாப்சிலிப் பக்கம் அட்டை கட்டாயம் உண்டு. காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. முதுமலையில் எப்படிச் செலவழிப்பது?

முதல்நாள் இரவே கூடலூரிலோ மசினகுடியிலோ தங்கிவிடுங்கள். விடியற்காலையில் தெப்பக்காடு, முதல் சஃபாரி. வந்ததும் சூடாக டீ, பிறகு விளக்க மையத்துக்குப் பதினைந்து நிமிடம். வெயில் ஏறியதும் விலங்குகள் ஒதுங்கிவிடும், நீங்களும் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மதியத்துக்குமேல் மாயாற்றுப் பாலத்தருகே அனுமதித்த இடத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள்.

மாலையில் யானை முகாம். ராகி, சோறு, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து பெரிய பெரிய கவளமாக உருட்டி வைத்திருப்பார்கள். யானைக்கு யானை அளவு வேறு, அது பலகையில் எழுதியிருக்கும். பாகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த யானை மட்டும் முன்னால் வந்து வாயைத் திறக்கும். கவளத்தை எறிய மாட்டார்கள், கையை உள்ளே விட்டு நாக்கில் வைப்பார்கள். அந்தக் கையைப் பாருங்கள். முடிந்ததும் பாகன்கள் யானைகளை ஆற்றுப் பக்கம் ஓட்டிப் போவார்கள், அதன்பிறகு மேயக் காட்டுக்குள். இருட்டத் தொடங்கும், சங்கிலிச் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்கும். ஒன்பது மணிக்குக் கேட் மூடும் முன்னால் கிளம்பிவிடுங்கள்.